இலகு ரயில்: எதில் இலகு?

மெட்ரோவைவிடச் சிறிய அளவில் நகருக்குள் ஓடுவது இலகு ரயில், ஆங்கிலத்தில் 'லைட் ரெயில்'. நகரத் தெருவில் அதற்குப் பாதை போடும் வேலையைப் பார்ப்பவருக்கு முதலில் அந்தப் பெயர் மேல்தான் சந்தேகம் வரும். கிரேன் இறக்கி வைக்கும் தண்டவாளம் மீட்டருக்குச் சுமார் 60 கிலோ. விரைவு ரயில்கள் பறக்கும் முதன்மைத் தடங்களிலும் ஏறக்குறைய இதே எடைதான். அதைத் தாங்கக் கம்பி கட்டிய கான்கிரீட் படுகை வேறு. மேலே ஓடப்போகும் வண்டியோ, ஆள் ஏறாமலேயே 40 டன்னைத் தொடும். இதில் எதை இலகு என்பது?

'லைட் ரெயில்' என்ற பெயரை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் நகர்ப்புறப் பெருந்திரள் போக்குவரத்து நிர்வாகம். ஆண்டு 1972. அப்போது ஜெர்மானிய நகரங்கள் சாலையில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் தங்கள் பழைய டிராம்களின் தடங்களைச் சீர்படுத்தி, தெரு நெரிசலில் இருந்து பிரித்து, வேகமாக ஓடவிட்டிருந்தன. அதற்கு அங்கே 'ஸ்டாட்பான்' என்று பெயர். நேர்ப்பொருள் 'நகர ரயில்'. அமெரிக்கர்கள் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளாமல், பிரிட்டனில் இருந்த 'லைட் ரெயில்வே' என்ற பழைய சொல்லைத் தழுவிக்கொண்டார்கள். டிராம் என்றால் வழக்கொழிந்த பழம்பொருள் என்ற எண்ணம் ஊறியிருந்த காலம் அது. புதுத் திட்டத்துக்குப் பணம் கேட்கப் புதுப் பெயர் தேவைப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டன் சொல்லின் கதை இன்னும் சுவையானது. அங்கே 1868-ஆம் ஆண்டுச் சட்டம் இலகு ரயில் பாதைக்கு அச்சுச் சுமை (ஒரு சக்கர அச்சு தண்டவாளத்தின் மேல் அழுத்தும் எடை) 8 டன், வேகம் மணிக்கு 25 மைல் என்று வரம்பு கட்டியது. எடையும் அப்போது கணக்கில் இருந்தது என்பது தெளிவு. பிறகு 1896-இல் இலகு ரயில் பாதைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு கிளைப் பாதைக்கும் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கேட்டு நிற்க வேண்டாம், ஓர் ஆணையே போதும் என்றானது; வேலி, கதவு, சமிக்ஞை ஆகியவற்றில் கெடுபிடி தளர்ந்தது. ஆனால் இலகு ரயில் பாதை என்றால் என்ன என்று அந்தச் சட்டம் எங்குமே வரையறுக்கவில்லை! இரும்பின் எடையில் தொடங்கிய 'இலகு' மெல்ல விதிகளின் மேல் ஏறிக்கொண்டது.

அமெரிக்கர்கள் கையில் அது இன்னொரு முறை பொருள் மாறியது. மெட்ரோவைவிடக் குறைந்த பயணிகள், குட்டையான வண்டித்தொடர், எளிய நிலையம் என்று பொதுவாக 'அளவில் சிறியது' என்பதே அவர்கள் கொண்ட பொருள். வண்டியின் எடையை அவர்கள் எண்ணவில்லை.

தமிழில் இந்தக் குழப்பம் கூடுவதற்கு 'ரயில்' என்ற பாதியும் காரணம். ஆங்கிலத்தில் அது முதலில் தண்டவாளம், பிறகு அந்தத் தண்டவாளத்தின் மேல் நடக்கும் போக்குவரத்து முழுவதும். நமக்கோ ரயில் என்றால் கண்முன் வரும் வண்டி. அதனால் இலகு ரயில் என்றதும் 'கனமில்லாத வண்டி' என்று காதில் விழுகிறது. ஓட்டுநர் உரிமத்தில் படித்த 'இலகுரக மோட்டார் வாகனம்' அதை உறுதியும் செய்துவிடுகிறது. அங்கே இலகு என்பது உண்மையிலேயே எடைதான்.

'இலகு' வடமொழி 'லகு'வில் இருந்து வந்தது. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இகரம் முன்னே ஒட்டிக்கொண்டது. தாளக் கணக்கில் வரும் லகுவும் இதுவே. கனமின்மையைக் குறிக்கும் ஆங்கில 'லைட்'டும் இந்த லகுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஆக மொழிபெயர்ப்பில் அகப்பட்டது ஒன்றுவிட்ட உறவுச் சொல். இன்னொரு தற்செயலும் உண்டு. தமிழில் 'இலகுதல்' என்றால் ஒளிர்தல். 'இலங்குதல்' என்பதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்திலும் 'லைட்' ஒளியையும் குறிக்கும். இரண்டு மொழியிலும் கனமின்மையும் ஒளியும் ஒரே ஒலியில் வந்து நிற்பதற்கு வேர்க் காரணம் எதுவும் இல்லை.

பாதை போடும் வேலையிலேயே இலகு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். இலகு இல்லாத இடம், மண்ணுக்கு அடியில். தண்டவாளம் பதித்த பிறகு, அதன் கீழே ஒரு குடிநீர்க் குழாய் உடைந்தால் வண்டிகளை நிறுத்தாமல் தோண்ட முடியாது. ஆகவே குழாய், கழிவுநீர்க் கால்வாய், மின்கேபிள், தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் முன்கூட்டியே தடத்துக்கு வெளியே நகர்த்தியாக வேண்டும். பழைய நகரங்களில் வரைபடம் ஒன்றைச் சொல்லும், பள்ளம் வேறொன்றைக் காட்டும். எடின்பரோவில் 2008-இல் கட்டுமானம் தொடங்கிய டிராம் 2014 மே மாதம்தான் ஓடியது. தாமதத்தின் காரணங்களில் இந்த இடமாற்ற வேலையும் ஒன்று. திட்டத்திலிருந்து வெட்டி விடப்பட்ட நியூஹேவன் வரையிலான பகுதி 2023-இல்தான் திறந்தது.

அடுத்தது தண்டவாளம். தெருவில் போடுவதற்கு அதன் தலையிலேயே ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், இருக்கும். சக்கரத்தின் விளிம்பு அந்தக் காடிக்குள் ஓட, மேற்பரப்பு சாலையோடு சமமாக நிற்கும்; காரும் பஸ்ஸும் மேலே போகலாம். அதைச் சுற்றி ரப்பர் உறை. வண்டிக்கு மேலிருக்கும் கம்பியில் வரும் மின்சாரம், பல தடங்களில் 750 வோல்ட் நேர்மின்சாரம், திரும்பிப் போகும் வழி தண்டவாளம்தான். உறை இல்லாவிட்டால் அது மண்ணில் கசிந்து பக்கத்துக் குழாய்களை அரித்துவிடும். இரண்டு தண்டவாள முனைகளை இணைக்கும்போது வார்ப்பு அச்சுக்குள் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்து மூட்டிய உருகிரும்பு, 2,000 டிகிரிக்கு மேல் கொதித்தபடி இறங்குகிறது. ஆறியதும் பிதுங்கிய தலையை வெட்டி, தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள்.

இலகு இருக்கும் இடங்கள் வேறு. சரக்கு ரயிலின் ஒரு சக்கர அச்சு 20 டன்னுக்கு மேல் அழுத்தும்; இதில் ஏறக்குறைய பாதி. 25 மீட்டர் ஆர வளைவில்கூட இந்த வண்டி திரும்பிவிடும், ஆகவே தெருமுனையில் கட்டடத்தை இடிக்க வேண்டாம். தெருவில் ஓட்டுநர் முன்னே கண்ணால் பார்த்தே ஓட்டுவதால் மெட்ரோவுக்கு வேண்டிய சமிக்ஞைக் கட்டமைப்பு அங்கே தேவையில்லை. நிலையம் என்பது ஒரு தாழ்ந்த மேடை, ஒரு கூரை.

இதே பெயரை வேறு சிலவும் தாங்குகின்றன. லண்டனில் 1987-இல் திறந்த டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் தெருவைத் தொடுவதே இல்லை. கோலாலம்பூரின் எல்.ஆர்.டி. (லைட் ரெயில் டிரான்சிட்) உண்மையில் சிறிய மெட்ரோ. சிங்கப்பூரில் 1999 முதல் ஓடுவது ஓட்டுநரே இல்லாமல் தூண்கள் மேல் ரப்பர் சக்கரத்தில் போகும் வண்டி. ஹாங்காங்கில் அந்தப் பெயருள்ளது டிராமுக்கு நெருங்கிய வண்டி.

மலேசிய, சிங்கப்பூர், இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'இலகு ரயில்' ஊன்றிவிட்டது. அதை அசைக்கத் தேவையில்லை. 'இலகுரக ரயில்' மட்டும் வேண்டாம். அந்த 'ரகம்' வண்டியை நேரே எடைமேடைக்கு அனுப்பிவிடுகிறது. 'மென் தொடருந்து' என்பதும் ஒட்டவில்லை, மென்பொருளுக்குப் பொருந்திய 'மென்' இரும்புக்குப் பொருந்தாது. சாலையில் மற்ற வண்டிகளோடு கலந்து ஓடுவதற்கு டிராம் என்ற சொல்லே போதும். அதற்கு ஆக்கப்பட்ட 'அமிழ் தண்டூர்தி'யை வாயில் சொல்லிப் பழக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சாலைக்குள் அமிழ்ந்த தண்டவாளம் என்ற அடையாளத்தைச் சரியாகப் பிடித்த சொல் அது. வடமொழிக் கலப்பில்லாத பெயர் வேண்டும் என்பவர்களுக்கு 'நகர்த் தொடருந்து' என்று எழுதலாம். 1972-இல் அமெரிக்கர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே ஜெர்மன் பொருள்தான்; எடையைப் பற்றி அது பேசுவதே இல்லை.