கையெழுத்து வாங்கிட்டீங்க, குழா எப்ப போடுவீங்க?

கடலூர் கோர்ட்ல வக்கீலா இருக்கேன், ஊர்த் தகராறுன்னா தாலுக்கா ஆபீஸ்ல நடக்குற சமாதானப் பேச்சுவார்த்தைக்கும் போவேன். 2011 தானே புயல்ல இருந்து 2024 ஃபெஞ்சல் புயல் வரைக்கும் பாத்துட்டேன், புயல் போன கையோட அடிதடி கேஸ் வரும், ஆனா எஃப்ஐஆர்ல புயல்ங்கிற வார்த்தையே இருக்காது.

ஃபெஞ்சலப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 48 செ.மீ. மழை, அடுத்து சாத்தனூர் அணையில செகண்டுக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தொறந்துவிட்டு தென்பெண்ணை கரைபொரண்டு வந்துச்சு. ஒரு கிராமத்துல ஊர்த்தெரு மேட்டுல, காலனி பள்ளத்துல, தண்ணி வடியுற வழியில ரோடு குறுக்க கெடக்கு, ரோட்டுக்கு அடியில இருந்த ஒரே குழாயும் தூந்துபோச்சு. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்க, ராத்திரி ரெண்டு மணிக்கு காலனி பசங்க கடப்பாரை எடுத்து ரோட்ட வெட்டிட்டாங்க. அந்தப் பக்கம் ஊர்க்காரங்களோட கதிர் வந்த நெல்லு. மண்டை உடைஞ்சுது, ரெண்டு பக்கமும் கேஸ்.

பேச்சுவார்த்தையில "இனிமே பிரச்சனை பண்ண மாட்டோம்"னு எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. ரேஷன் கார்ட பாலித்தீன் கவர்ல சுத்தி மடியில வச்சிருந்த ஒரு அம்மா கேட்டாங்க, "கையெழுத்து போட்டுட்டோம் சார், குழா எப்ப போடுவீங்க?" அந்தப் பேப்பர்ல குழாயப் பத்தி ஒரு வரி இல்ல. எனக்கும் எழுதச் சொல்லத் தோணல, அது இன்னிக்கும் உறுத்துது.

நிவாரணத்துலயும் இதே கதைதான். ஒரே புயலுக்கு புதுச்சேரியில கார்டுக்கு 5000, நம்ம பக்கம் 2000. ஆத்துக்கு அக்கரை புதுச்சேரியோட பாகூர், இக்கரை கடலூர், பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குற சனங்க, தண்ணியும் ஒரே தண்ணி. கசப்பு வராம எப்படி இருக்கும்?

புகைய அதிகமா விட்டது பணக்கார நாடுங்க, அடி வாங்குறது ஏழை நாடுங்க, அதனாலதான் 2022 எகிப்து மாநாட்டுல இழப்பு சேதத்துக்குன்னு தனி நிதி வேணும்னு ஒத்துக்கிட்டாங்க. காலநிலை நீதின்னு சொல்றது அதைத்தான், ஆனா அந்தக் கணக்கு ஒவ்வொரு ஊருக்குள்ளயும் இருக்கு, ஏசியும் காரும் இல்லாத வீடுதான் மொதல்ல முழுவுது. கடல் சூடாக சூடாக மழை இன்னும் கொட்டும், பள்ளத்த அப்படியே விட்டுட்டு அமைதி அமைதின்னா அது அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ரெண்டு தெருவும் சேந்து போங்க. வடிகால், குழா, நிவாரணப் பட்டியல சத்தமா வாசிக்கறது, மூணையும் தீர்மானமா எழுத வைங்க. அக்டோபர்ல மழை புடிச்சிட்டா அந்தப் பள்ளத்துல பொக்லைன் எறங்காது.