காலிபர்: தமிழில் குழல்விட்டம்

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். நாகர்கோவில் கல்லூரிகளில் என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவர்கள் 'பாயிண்ட் டூ டூ' என்பார்கள். துளை 0.22 அங்குலம், சுமார் 5.6 மி.மீ. என்று அர்த்தம்.

சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரபியில் 'காலிப்' என்றால் அச்சு. அதுவே வேர் என்கின்றன பெரும்பாலான அகராதிகள். அச்சுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு? புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், பிறகு தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்தார்; அவர் மேற்பார்வையில் அங்கே பீரங்கி வார்த்தார்கள். குண்டு கொஞ்சம் பெருத்தால் குழலுக்குள் இறங்காது. சிறுத்தால் வெடிமருந்தின் அழுத்தம் ஓரத்து இடுக்கு வழியே வீணாகும். குண்டு வார்க்கும் அச்சும் குழலும் பொருந்தியே ஆகவேண்டும்.

எண்ணைப் பார்த்து வலுவை எடைபோடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஆறரை இஞ்சு போர்வெல் போட்டோம் என்றால் துளையின் அகலம் தெரியும். எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரியுமா? .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்), .223 ரெமிங்டன் என்ற இரண்டு தோட்டாக்களைப் பாருங்கள். சன்னத்தின், அதாவது தோட்டாவிலிருந்து பாயும் குண்டின், விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதில் 2.6 கிராம் சன்னம் ஒலியின் வேகத்தை ஒட்டிப் போகும், இரண்டாவதில் 3.6 கிராம் சன்னம் நொடிக்கு 950 மீட்டருக்கு மேல் பாயும். ஆற்றல் சுமார் பத்து மடங்கு. இன்னொரு வேடிக்கை: .303 துப்பாக்கியின் சன்னம் .308-ஐ விடத் தடிமனானது. குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களின் மேட்டுக்கு மேடு அளந்தது .303, பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தது .308. .30-06 என்ற தோட்டாவின் பெயரில் உள்ள 06, அளவே அல்ல, 1906ஆம் ஆண்டு.

ஆகவே தேர்வு தோட்டாவைப் பொறுத்தது. அமெரிக்காவில் மான் வேட்டைக்கு .243, .270, .308 என்று எடுக்கிறார்கள். விலங்கு துடிக்காமல் விழ எடையும் வேகமும் வேண்டும். இலக்குச் சுடுதலில் அந்த அடியே தேவையில்லை. உதைப்புக் குறைவும் ஒரே சீரான பாய்ச்சலும் போதும். நமக்கு 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. மரச்சீனியைக் காட்டுப்பன்னி கிளறிப்போட்டாலும் துப்பாக்கியை நாமாகத் தூக்க முடியாது, வனத்துறையிடம்தான் போகவேண்டும். ஆகவே இங்கே படிக்கிற பிள்ளைக்கு இரண்டு அளவு தெரிந்தால் சரி: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு 4.5 மி.மீ., 50 மீட்டருக்கு 5.6 மி.மீ.

தமிழில் 'குழல்விட்டம்' என்றே எழுதலாம். 'துளைவிட்டம்' என்றாலும் சரி. 'துப்பாக்கியின் திறன்' என்று எழுதவே கூடாது. ஆங்கிலத்தில் ஆளைப் பற்றி 'காலிபர்' என்று பேசினால் அதற்குத் 'தரம்' போதும். அப்புறம், சிதறுகுண்டுத் துப்பாக்கிக்குச் சொல்லும் 'பன்னிரண்டு போர்' (bore) என்பது இந்தக் கணக்கில் வராது. அந்தக் குழலுக்குள் பொருந்தும் ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். அதை 'போர்' என்றே விட்டுவிடுவது நல்லது.