இடர்க்காரணி: மார்பகப் புற்றுநோய் பற்றிய பேச்சில் ஒரு சொல்லின் பொருளும் எல்லையும்

மார்பகப் பரிசோதனைக்குச் செல்லும் ஐம்பது வயதுப் பெண்ணின் கையில் தரப்படும் படிவத்தில் நோயைப் பற்றிய கேள்விகள் குறைவாகத்தான் இருக்கும். எத்தனை வயதில் பூப்பெய்தினீர்கள், கடைசி மாதவிடாய் எப்போது வந்தது, முதல் குழந்தை பிறந்தபோது உங்கள் வயது என்ன, தாய்ப்பால் கொடுத்தீர்களா, தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ மகளுக்கோ இந்நோய் வந்ததுண்டா, ஹார்மோன் மாத்திரை உட்கொள்கிறீர்களா, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று அது ஒரு வாழ்க்கை வரலாற்றையே கேட்கிறது. நிரப்பிய படிவத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர், ‘உங்களுக்கு இரண்டு மூன்று ரிஸ்க் ஃபேக்டர் இருக்கிறது’ என்கிறார். கேட்பவர் காதிலோ அது ‘புற்றுநோய் வருவதற்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கின்றன’ என்று விழுகிறது. சொன்னது ஒன்று, புரிந்துகொண்டது வேறொன்று. இதில் ஒரு பங்குப் பொறுப்பு, அச்சொல்லுக்கு நாம் வழங்கிவரும் தமிழ் வடிவத்துக்கும் உண்டு.

ஆங்கிலத்தில் ரிஸ்க் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்கு அது இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய வேர் எது என்பதில் சொல்லாய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடல் வணிகமும் காப்பீடும் வளர்ந்த காலத்தில் புழங்கிய சொல் என்பதால், ‘இழப்பு வரலாம், வராமலும் போகலாம்’ என்ற கணக்கு அதன் பொருளிலேயே உறைந்திருக்கிறது. ஃபேக்டர் என்பது இலத்தீனில் ‘செய்பவன்’ என்று பொருள்படும் சொல். இரண்டும் இணைந்த தொடர் மருத்துவத்தில் பரவலானது 1961இல் வெளியான ஒரு கட்டுரைக்குப் பிறகுதான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய இதயநோய் ஆய்வின் முடிவுகளை வெளியிட்ட மருத்துவர் வில்லியம் கேனலும் அவருடைய குழுவினரும், உயர் இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் போன்றவற்றைக் குறிக்க அத்தொடரைக் கையாண்டனர். இவை இருந்தால் மாரடைப்பு வந்தே தீரும் என்று அவர்கள் சொல்லவில்லை. இவை உள்ளவர்களில் பலருக்கு வந்தது, இல்லாதவர்களில் சிலருக்கே வந்தது என்றுதான் சொன்னார்கள்.

சொல் இதயநோயில் பிறந்தாலும், கருத்து மார்பகப் புற்றுநோயில் அதற்கு வெகுகாலம் முன்பே தோன்றிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, மற்றப் பெண்களைவிடக் கன்னித் துறவியரிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதைப் பதிவு செய்தார். துறவு நோய்க்குக் காரணமன்று. மகப்பேறும் பாலூட்டலும் இல்லாத வாழ்க்கையே அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருந்தது என்பது பிற்காலத்தில் விளங்கியது. 1926இல் இங்கிலாந்தின் ஜேனட் லேன்-கிளேபன், நோயுற்ற 500 பெண்களையும் நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, பிள்ளைப்பேற்றின் எண்ணிக்கையும் பாலூட்டலும் எவ்வளவு முக்கியம் என்று காட்டினார். இன்றைய படிவத்தின் கேள்விகளில் பல அவர் கேட்டவையே.

இனி, தமிழுக்கு வருவோம். ஆபத்துக் காரணி, அபாயக் காரணி, இடர்க்காரணி என்று மூன்று வடிவங்கள் இன்று எழுதப்படுகின்றன. (ஆபத்துக்குப் பின்னும் இடருக்குப் பின்னும் ‘க்’ மிகும், செய்தித்தாள்கள் அதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.) ஆபத்து வடமொழி வழி வந்தது, நேர்ந்துவிட்ட கேட்டைக் குறிப்பது. ‘ஆபத்தில் இருக்கிறார்’ என்றால் உடனே ஓட வேண்டிய நிலை என்றுதான் யாரும் கொள்வர். இடர் நல்ல தமிழ்ச்சொல். ஆனால் அதுவும் பழைய வழக்கில் வந்துவிட்ட துன்பமே. திருஞானசம்பந்தர் ‘இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும்’ என்று பாடும்போது, இடர் என்பது வரக்கூடிய ஒன்றன்று, வந்து வருத்துகிற ஒன்று. ‘வரலாம்’ என்ற நிலையைக் குறிக்கும் பொருள் அச்சொல்லுக்கு நம் காலத்தில் ஏற்றப்பட்டது. வழக்கில் வேரூன்றிவிட்டதால் அதை மாற்ற வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆயினும் படிப்பவர் மனத்தில் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை எழுதுபவர் மறக்கக் கூடாது. பேச்சுத் தமிழில் ‘ரிஸ்க்’ இன்னொரு திசையில் போய்விட்டது. அங்கே அது ‘எடுக்கப்படுவது’. ஒருவர் துணிந்து செய்யும் செயல். அதனால்தான், ‘உங்களுக்கு ரிஸ்க் இருக்கிறது’ என்று கேட்டவுடன், ‘நான் என்ன தவறு செய்தேன்’ என்ற கேள்வி முதலில் எழுகிறது. வயதை யாரும் துணிந்து எடுத்துக்கொள்வதில்லை.

உண்மையான சிக்கல் ‘காரணி’யில்தான் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்று படித்தபோது அச்சொல்லால் எந்தக் குழப்பமும் நேரவில்லை. உடல்நலம் பற்றிய பேச்சில் அது ‘காரணம்’ என்பதன் நிழலில் நிற்கிறது. இலத்தீன் மூலத்துக்கு மிக நெருங்கிய மொழிபெயர்ப்பு என்பதே அதன் குறையும் ஆயிற்று. இதற்கு மாற்றாக ‘இடர்க்கூறு’ பொருத்தமான சொல் என்பது என் கருத்து. கூறு என்பது பங்கு, பகுதி. பலவற்றுள் ஒன்று, முழுமைக்குப் போதாதது என்ற குறிப்பு அதிலேயே இருக்கிறது. ‘காரணம் எது’ என்று கேட்பது போல் ‘கூறு எது’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எத்தனை கூறுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு’ என்றே கேட்கத் தோன்றும்.

இந்த வேறுபாடு மாதவிடாய் நிற்கும் பருவத்தில் மிகவும் தேவைப்படுகிறது. மெனோபாஸ் என்ற சொல்லை 1821இல் பிரெஞ்சு மருத்துவர் கார்டான் கிரேக்கத்தின் மாதம், முடிவு என்னும் இரு சொற்களிலிருந்து உருவாக்கினார். தமிழில் ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்று பரவலாக எழுதுகிறார்கள். நிறுத்தம் என்றால் யாரோ நிறுத்தியதாக ஆகிவிடும்; தானாக நிற்பதால் ‘மாதவிடாய் நிற்றல்’ என்பதே செம்மையான வடிவம். மருந்தாலோ அறுவையாலோ நிறுத்தும்போது மட்டும் நிறுத்தம் பொருந்தும். வேறு காரணமின்றித் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்த பிறகே அது நின்றுவிட்டதாகக் கொள்வர். பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்வது இது.

மார்பகப் புற்றுநோயும் இந்த வயதுகளிலும் இதற்குப் பிறகும் மிகுதியாகக் கண்டறியப்படுவதால், ‘மாதவிடாய் நின்றதால் புற்றுநோய் வந்தது’ என்று பலர் நம்புகின்றனர். உண்மை நேர்மாறானது. 2012இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வு ஒன்று, 45 முதல் 54 வயதுக்குட்பட்டவர்களில், ஒரே வயதுடைய இரு பெண்களை ஒப்பிட்டால் மாதவிடாய் இன்னும் தொடர்பவருக்கே வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்கு எனக் காட்டியது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் மார்பகத் திசுக்களை வளரத் தூண்டுகிறது. மாதவிடாய் நிற்கும்போது அந்தத் தூண்டுதல் பெருமளவு அடங்குகிறது. கூடுவது வயதின் விளைவு, குறைவது மாதவிடாய் நின்றதன் விளைவு; இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்வதால் ஒன்றின் பழி மற்றொன்றின் மேல் விழுகிறது. மாதவிடாய் நிற்பது ஓராண்டு தள்ளிப்போனால் வாய்ப்பு சுமார் 2.9 விழுக்காடு கூடுகிறது. பூப்பு ஓராண்டு முந்தினால் சுமார் 5 விழுக்காடு. ஐம்பதில் நின்றவரையும் ஐம்பத்தைந்தில் நின்றவரையும் ஒப்பிட்டால் வேறுபாடு 15 விழுக்காட்டுக்கு அருகில் வரும். கூறு என்பது இத்தகைய சிறு கூட்டல்களே; ‘காரணம்’ என்ற கனமான சொல்லை அவை தாங்காது.

உடல் எடை இன்னும் விந்தையானது. மாதவிடாய் நிற்பதற்கு முன் கூடுதல் எடை மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. நின்ற பிறகு அதே எடை வாய்ப்பைக் கூட்டுகிறது. சூலகங்கள் ஓய்ந்தபின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முதன்மையான இடம் கொழுப்புத் திசு. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோன்களை அங்குள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் அந்த உற்பத்தியும் மிகும். இந்நொதியைத் தடுக்கும் மாத்திரைகளே, ஹார்மோனால் வளரும் கட்டியுள்ள பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் தரப்படுகின்றன. ஒரே பொருள் நாற்பதில் ஒரு விதமாகவும் அறுபதில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளுமானால் அதைக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

மதுவைப் பொறுத்தவரை சுருங்கச் சொல்லலாம்: நாளொன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால் கூடும்தோறும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்கிறது. மார்பகத் திசு அடர்ந்திருப்பதும், இளவயதில் மார்புப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருப்பதும் கூறுகளே. உடற்பயிற்சியும் பாலூட்டலும் எதிர்த்திசையில் செயல்படுகின்றன.

சொல்லோடு எண்ணும் சேர்ந்து அச்சமூட்டிய கதை ஹார்மோன் சிகிச்சையினுடையது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் உடல் சூடேறுதல், இரவு வியர்வை, உறக்கமின்மை போன்ற தொல்லைகளுக்காகத் தரப்படும் இச்சிகிச்சை பற்றிய பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பிரிவு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜன் என்ற மற்றொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை மார்பகப் புற்றுநோயை 26 விழுக்காடு கூட்டுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அதே ஆய்வின் அதே கணக்கை வேறு வகையிலும் சொல்லலாம்: ஓராண்டில் 10,000 பெண்களில், மாத்திரை உட்கொள்ளாதோரிடையே 30 பேருக்கும் உட்கொண்டோரிடையே 38 பேருக்கும் நோய் வந்தது. முதல் எண் ஒப்பீட்டு இடர், இரண்டாவது நேரடி இடர். 2019இல் வெளியான கூட்டாய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. மேற்கத்திய நாடுகளில், சிகிச்சையே எடுக்காதவர்களில் 50 முதல் 69 வயதுக்குள் நோய் வருவோர் 100க்கு 6.3 பேர், ஐம்பதில் தொடங்கி ஐந்தாண்டுகள் நாள்தோறும் கூட்டு மாத்திரை உட்கொண்டோரில் 8.3 பேர்; ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தோரில் 6.8 பேர். அதாவது கூட்டு மாத்திரையில் 50 பேருக்கு ஒருவர் கூடுதல். இதைக் கேட்ட ஒரு பெண் ‘எனக்கு வேண்டாம்’ எனலாம். உறக்கமின்றித் தவிக்கும் இன்னொருவர் ‘குறுகிய காலத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்’ எனலாம். இரண்டு முடிவுகளுக்கும் இடம் தரும் சொல்லாட்சியே நேர்மையானது. ‘ஆபத்துக் காரணி’ என்ற சொல் அந்த இடத்தை விட்டுவைப்பதில்லை.

குடும்ப வரலாற்றில் குழப்பம் இருபுறமும் உண்டு. தாய், உடன்பிறந்த பெண், மகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. 1990களில் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுக்களில் கேடு விளைவிக்கும் மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு நோய் வருகிறது. கூறு என்ற சொல் இங்கு மட்டும் சற்று மெலிதாகிவிடுகிறது, ‘காரணம்’ என்பதற்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். ஆனால் மொத்த நோயாளிகளில் மரபுவழி மாற்றம் உள்ளோர் 5 முதல் 10 விழுக்காடுதான். மார்பகப் புற்றுநோய் வந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு நெருங்கிய உறவில் யாருக்கும் அந்நோய் இருந்ததில்லை.

எழுதும்போது எந்த வாக்கியம் சரி? ‘தாமதமாக மாதவிடாய் நிற்பது மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காரணி’ என்பதைவிட, ‘தாமதமாக மாதவிடாய் நிற்பது மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டும் கூறு’ என்பது நீளம்தான். ஆனால் எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் விடையிருக்கிறது. (‘வாய்ப்பு’ நன்மைக்கே உரியது, நோய்க்கு அதைச் சொல்லலாமா என்று தயங்குவோர் உண்டு. மழைக்கும் விபத்துக்கும் நாம் சொல்வதுதானே.) தலைப்புச் சொல்லாக ‘இடர்க்கூறு’ என எழுதி, முதல் முறை வரும்போது இப்படி ஒருமுறை விரித்துக்காட்டினால் போதும்.

படிவத்தின் கீழ்ப்பகுதியில் ‘இடர்க்கூறு எதுவுமில்லை’ என்று எழுதப்படும் பெண்களும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வருவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர், பெண் என்பதும் நாற்பதைக் கடந்த வயதும் தவிர வேறு எந்தக் கூறும் இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ‘கூறு இல்லை’ என்பதை ‘இடர் இல்லை’ என்று வாசித்துவிட்டு, குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட புதிய கட்டியையோ உள்ளிழுத்த முலைக்காம்பையோ பொருட்படுத்தாமல் சில மாதங்களைக் கடத்துவது, ‘கூறு இருக்கிறது’ என்பதை ‘நோய் இருக்கிறது’ என்று வாசிப்பதைவிடக் கேடு தரும் பிழை.