நிறுவல் கலை: நிற்பதிலிருந்து பிறந்த சொல்

‘கண்காட்சியில் ஒரு இன்ஸ்டலேஷன் பார்த்தேன்’ என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் ‘பார்த்தேன்’ எப்போதும் உறுத்தும். ஓவியத்தைப் பார்க்கலாம், சிற்பத்தைச் சுற்றி வரலாம். இதற்குள் நுழைய வேண்டும், நிற்க வேண்டும், நடக்க வேண்டும். சுவர், தரை, வெளிச்சம், ஒலி, அங்கே வைத்திருக்கும் பொருள்கள், நடுவே விட்ட வெற்றிடம் எல்லாம் சேர்ந்து ஒரே படைப்பு. உள்ளே வந்தவரின் நிழல் சுவரில் விழுந்தால் அதுவும் படைப்பில் சேர்த்திதான்.

இன்ஸ்டலேஷன் என்ற சொல்லின் வேர் தேவாலயத்தில் இருக்கிறது. இடைக்கால லத்தீனில் ‘ஸ்டல்லும்’ என்றால் இருக்கை, குறிப்பாகக் குருமார் அமரும் இருக்கை. பதவியேற்பவரை அதில் அமர்த்துவது ‘இன்ஸ்டல்லாரே’. லத்தீனுக்கு அந்த ஸ்டல்லும் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது; நிற்கும் இடம் என்பது அங்கே அதன் பொருள். குதிரை கட்டும் ஸ்டாலும் கடை போடும் ஸ்டாலும் அதே குடும்பம். ஆக, முதலில் நிறுவப்பட்டவர் மனிதர். இயந்திரமும் மென்பொருளும் பிறகு வந்தவை.

கலைக்கூடங்களில் நெடுநாள் வரை, படங்களை மாட்டி ஒழுங்குசெய்யும் வேலைக்குத்தான் இந்தப் பெயர் இருந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கலைஞர் ஆலன் காப்ரோ முழு அறையையும் படைப்பாக மாற்றியபோதுகூட, அதை ‘என்விரான்மென்ட்’, அதாவது சூழல், என்றே அழைத்தார். அப்புறம்தான் வேலையின் பெயர் படைப்பின் பெயராக மாறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிர்மாணக் கலை, தாபனக் கலை, நிறுவல் கலை என்று பல சொற்கள் புழங்குகின்றன. நிர்மாணம் கட்டடம் எழுப்புவதை நினைவூட்டுகிறது. இந்தக் கலையில் பெரும்பாலும் எதுவும் எழுப்பப்படுவதில்லை, இருப்பவை இடம் மாறுகின்றன. தாபனம் ‘ஸ்தா’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. நிற்றல் என்று பொருள், அதனால் தவறில்லை. ஆனால் தாபனம் என்றதும் அலுவலகம்தான் பலருக்கு நினைவு வரும். என் தேர்வு நிறுவல். ‘நில்’ என்பதன் பிறவினை அது, நிற்கச் செய்தல். மென்பொருளுக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறோமே என்று சிலர் தயங்குவதுண்டு. ஆங்கிலத்திலும் அப்படித்தான், அங்கே யாரும் குழம்பவில்லை.

இந்தக் கலையைப் பேச இன்னும் அழகான ஒரு வசதி தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் நாம் ‘மூவிடம்’ என்கிறோம். நான், நீ, அவர் என்ற ஆள் வேறுபாட்டை இடமாகக் கண்ட மொழி இது. முன்னிலை என்றால் எதிரே இருக்கும் ‘நீ’. ‘பெரியவர்கள் முன்னிலையில்’ என்னும்போது ஒருவர் நேரில் இருப்பது. நிறுவல் கலையில் வரும் ‘பிரசன்ஸ்’ என்ற கருத்துக்கு ‘இருப்பு’ என்று எழுதுகிறார்கள். கடைச் சரக்கு போல ஒலிக்கிறது. முன்னிலை என்றால் அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருப்பவரும் எதிரே நிற்பவரும்.

எதிரே இருக்க வேண்டியவர் இல்லாமல் போனால்? அங்கேதான் புகைப்படம் உள்ளே வருகிறது. ஒளிப்படம் என்ற சொல் ‘ஒளியால் எழுதியது’ என்ற கிரேக்கப் பொருளை ஒட்டியது. ஆனால் இந்த இடத்துக்கு நிழற்படம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆள் இல்லாமல் நிழல் விழாது. படத்தில் நிழல் இருக்கிறது, ஆள் போய்விட்டார். அந்த மிச்சத்துக்குத் தடயம் என்றால் காவல்துறை வாடை அடிக்கும். சுவடு போதும்.

இந்தியக் கலைஞர் விவான் சுந்தரம் 1993இல் உருவாக்கிய ‘மெமோரியல்’ என்ற நிறுவல் இதற்கு நல்ல உதாரணம். பம்பாய்க் கலவரத்தின்போது தெருவில் இறந்து கிடந்த ஒருவரைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோஷி ஜால் எடுத்திருந்தார். சுந்தரம் அந்தப் படத்தின் பிரதிகளில் ஆணிகளை அறைந்து, கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார். தகர டிரங்குப் பெட்டிகளை அடுக்கி நுழைவாயில் அமைத்தார். நாளிதழில் பக்கம் புரட்டிக் கடந்துவிடக்கூடிய படம் அது. இங்கே அதனருகே நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத அந்த மனிதர் முன்னிலைக்கு வந்துவிடுகிறார்.

கேமரா இல்லாமலும் சுவடு எடுக்கலாம். பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993இல் கிழக்கு லண்டனில் ஒரு பழைய வீட்டின் உட்புறச் சுவர்கள்மேல் கான்கிரீட்டைத் தடிமனாகப் பூசி, பிறகு அந்தச் சுவர்களை அகற்றினார். வீட்டுக்குள் இருந்த வெற்றிடம் ஃபிலிமின் நெகட்டிவ் போல வெளியே வந்து நின்றது. 1994 ஜனவரியில் அதை இடித்துவிட்டார்கள்.

இடிந்த பின் மிஞ்சுவதும் பெரும்பாலும் நிழற்படமே. ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1920களிலிருந்து ஹனோவர் நகரில் தன் வீட்டு அறைகளுக்குள் வளர்த்துவந்த ‘மெர்ட்ஸ்பாவ்’ என்ற படைப்பு 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. 1933இல் எடுத்த படங்கள் கிடைத்தன. அவற்றை வைத்து 1980களின் தொடக்கத்தில் மேடை வடிவமைப்பாளர் பீட்டர் பிஸ்ஸெக்கர் ஓர் அறையை மறுபடி கட்டினார். ஹனோவரின் ஸ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்தில் அது நிறுவப்பட்டிருக்கிறது. உள்ளே போய் நிற்கலாம்.