காணாமல் போகும் 46

எண்ணூரில் ஐந்து தெருக்களின் அடிபம்புகளில் ஈயத்தை அளந்ததாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8, 9, 7, 10, 46 மைக்ரோகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது 10. ஐந்தின் சராசரி 16. "46 ஏதோ பிழை, எடுத்துவிடுங்கள்" என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டால் சராசரி 8.5 ஆகிவிடும். அந்தப் பம்பில் தண்ணீர் அடிக்கும் வீடுகள் ஆய்விலிருந்தே மறைந்துவிடும். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கும் ஊரில், தனித்து உயர்ந்து நிற்கும் எண்ணை அவ்வளவு எளிதாக ஒதுக்க எனக்கு மனம் வராது.

பிழையாகவும் இருக்கலாம். அதைக் கண்டறிய வழி உண்டு. ஆய்வகத்தின் தூய நீரை அதே வகைப் புட்டியில் ஊற்றி, மற்றப் புட்டிகளோடு எண்ணூர் வரை கொண்டுபோய், அங்கே திறந்து, அதே நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். (அமிலம் சேர்க்காவிட்டால் ஈயம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகத் தெரியும்.) இதற்கு வெற்று மாதிரி என்று பெயர். இதில் ஈயம் தென்பட்டால், அது புட்டியிலிருந்தோ அமிலத்திலிருந்தோ நம் கையிலிருந்தோ வந்திருக்கிறது. தென்படாவிட்டால், அந்த பம்புக்கே மறுபடி போய் இரண்டு புட்டிகள் பிடித்து அளக்க வேண்டும். மீண்டும் 40-க்கு மேல் வந்தால் அது பிழையல்ல, செய்தி. துருப்பிடித்த பழைய இணைப்பா, நிலத்தடி நீரேவா என்ற தேடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2018 விதிகளின்படி, ஆய்வேட்டின் சொற்கள் பிறர் எழுதியதோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும். நல்ல விதிதான். ஆனால் இந்தச் சதவீதத்தைக் கணக்கிடும் மென்பொருள், மாணவர் எழுதிய சொற்களைப் பிற நூல்களின் சொற்களோடு ஒப்பிடுகிறது. எழுதாமல் விட்ட 46-ஐ அது எதனோடு ஒப்பிடும்?

அதைப் பிடிக்கக்கூடியது ஆய்வகக் குறிப்பேடு மட்டுமே. நம் கல்லூரிகளில் ரஃப் நோட்டில் குறித்து, வீட்டில் ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படியெடுக்கும் பழக்கம் பள்ளியிலிருந்தே தொடர்கிறது. படியெடுக்கும் அந்த இரவில்தான் எண்கள் காணாமல் போகின்றன. ரஃப் நோட்டுதான் ஆவணம். பக்க எண்ணிட்டு, பேனாவால் எழுதி, தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் மட்டும் அடித்து, காரணத்தையும் தேதியையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பேராசிரியர் அன்று மாலையே அதில் கையெழுத்திட வேண்டும். அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும்.