கப்பல் மரத்தில் கட்டிய வளவு

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீடு பார்க்கப் போகிறவர்கள் முகப்புத் தூணைத் தட்டிப் பார்த்து, "பர்மாத் தேக்கு" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். ஆனால் ஆங்கிலேயர்கள் அந்த மரத்துக்காக அலைந்தது முக்கியமாகக் கப்பல் கட்டத்தான். 1826-இல் பர்மாவின் தெனாசரிம் கடற்கரை அவர்கள் கைக்கு வந்தது. சால்வீன் ஆறு கடலில் சேரும் மோல்மேனில் கப்பல் பட்டறைகள் எழுந்தன. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பர்மாவுக்கு வட்டிக்கடை வைக்கப் போனது அதற்குப் பிறகு.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அப்புறம் எப்படி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள்? மரத்தின் நடுவில் இருக்கும் வைரம் தண்ணீர் கடத்தாது. வெளியே இருக்கும் வெளிறிய கட்டைதான் வேரிலிருந்து நீரை ஏற்றுகிறது. அடிமரத்தைச் சுற்றி, வைரம் தெரியும் ஆழத்துக்கு ஒரு வளையம் வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, இரண்டு மூன்று வருடம் காட்டிலேயே காயும். எடை குறைந்தபின் வெட்டி, யானையை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விடுவார்கள். மிதக்க வைக்கச் செய்த வேலை மரத்தைப் பக்குவப்படுத்தியும் கொடுத்தது. எனக்கு இதில் பிடித்ததே இந்த இரட்டை லாபம்தான்.

காய்ந்த மரமும் சும்மா இருக்காது. காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். கப்பல் பலகை என்றால் இணைப்பு விட்டு நீர் கசியும். பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில், கப்பல் கட்டப் பயன்பட்ட இன்னொரு மரமான வெள்ளை ஓக் சுமார் 10 சதவீதம் சுருங்குகிறது; தேக்கு 6 சதவீதத்துக்குள் நின்றுவிடுகிறது. தேக்கின் செல்களில் எண்ணெய்ப் பசையோடு ரப்பர் போன்ற ஒரு பொருளும் இருக்கிறது. ஈரம் எளிதில் ஏறாததற்கு அது ஒரு காரணம். கறையானை விரட்டுவது டெக்டோகுயினோன் என்ற வேதிப்பொருள். போதாததற்குச் சிலிக்காவும் உண்டு. ஆசாரிமார் ரம்பமும் உளியும் சீக்கிரம் மழுங்குகிறது என்று திட்டுவது இதனால்தான்.

இன்னொன்று ஆணி. ஓக்கில் இருக்கும் டானின் அமிலம் இரும்பை அரித்து, மரத்தையும் கறுப்பாக்கிவிடும். தேக்கில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவிடம் தேக்கை மட்டும் நம்ப முடியாது. அதனால் நீருக்குள் இருக்கும் பகுதிக்குச் செப்புத் தகடு அடித்தார்கள். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

இவ்வளவு குணமும் வைரத்தில்தான். வெளிக்கட்டையைக் கறையான் தாராளமாகத் தின்னும். இளமரத்தில் வைரம் குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய நிலையோ தூணோ விலை பேசினால், 'பர்மா' என்ற சொல்லுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். ஓரத்தில் வெளிறிய வெளிக்கட்டை எவ்வளவு ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். முடிந்தால் மறைவான இடத்தில் கொஞ்சம் இழைக்கச் சொல்லுங்கள். உள்ளே பொன்னிறப் பழுப்பும், விரலில் லேசான எண்ணெய்ப் பசையும், பதனிட்ட தோல் போன்ற வாசனையும் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.