விமானச் சாமானைப் புளி போட்டு விளக்காதீர்கள்

போன மாதம் ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கல்லடியில் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பெரியப்பா அந்தக் காலத்தில் இரத்மலானையில் சிறிய விமானங்களைப் பழுது பார்த்தவர். அவர் காலமான பிறகு பரணில் கிடந்த பெட்டி. பழைய இரும்புக்காரர் நிறுத்துப் பார்த்து, கிலோவுக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"இதுக்கு நியாயமான விலை எவ்வளவு மாமா?"

உள்ளே ஒரு மக்னீற்றோ (எஞ்சினின் பிளக்குகளுக்குப் பொறி தரும் மின்கருவி), உறை பிரிக்காத நான்கு ஸ்பார்க் பிளக், உயரம் காட்டும் மானி ஒன்று, ஒரு பை நிறைய போல்ட். போல்ட்டுகள் பளபளவென்று இருந்தன. அம்மா புளியும் சாம்பலும் போட்டு விளக்கிக் கொடுத்தாராம். எனக்கு நெஞ்சு பக்கென்றது. அந்த போல்ட்டுகளின் மேல் மங்கலான மஞ்சளில் இருந்தது அழுக்கு அல்ல, துருப்பிடிக்காமல் காக்கும் கட்மியப் பூச்சு. புளி அதைக் கரைத்துவிடும். எங்கள் கடற்காற்றில் வெறும் உருக்கு எத்தனை நாள் தாங்கும்? கட்மியம் உடம்புக்கும் நஞ்சு. விளக்கிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.

சரி, விலைக்கு வருவோம். பழையது என்பதற்காக மட்டும் விலை ஏறுவதில்லை. டைகர் மொத் என்ற பயிற்சி விமானம் முதலில் பறந்தது 1931இல். 1951இல் இலங்கை விமானப்படை தொடங்கியபோது வந்த முதல் விமானங்கள் சிப்மங்க். இரண்டிலும் ஜிப்சி மேஜர் எஞ்சின்தான், இரண்டும் பல நாடுகளில் இன்னும் பறக்கின்றன. அதனால் வாங்க ஆள் உண்டு. ஆனால் ஒரே பெயருள்ள எஞ்சினிலும் வகைகள் உண்டு, ஒன்றின் பாகம் எல்லாம் மற்றதற்குப் பொருந்தாது. பாகத்தில் பொறித்த பார்ட் நம்பரை அந்த எஞ்சினின் பாகப் பட்டியலில் தேடிப் பிடித்த பிறகுதான் நான் விலை பற்றி வாயைத் திறப்பேன்.

அடுத்தது கடதாசி. ஒரு பாகத்தை யார் கழற்றினார், எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக எங்கே ஓவர்ஹோல் செய்தார்கள், அதாவது முழுதாகப் பிரித்துச் சீராக்கினார்கள் என்று சொல்லும் பதிவு அது. புதிய பாகங்களுக்கு அமெரிக்காவில் 8130-3, ஐரோப்பாவில் ஈ.ஏ.எஸ்.ஏ. போம் 1 என்ற படிவங்கள் வரும். பழைய பாகத்துக்கு, பூட்டத் தகுந்தது என்று எழுதிக் கொடுத்த அந்தக் கால ரிலீஸ் நோட், லொக் புத்தகத்தின் பக்கம், கம்பியில் கட்டிய அட்டை, இவைதான் சாட்சி. அவை இல்லாத மக்னீற்றோவை வாங்குகிறவர் உதிரிக்காகத்தான் வாங்குவார், விலையும் அப்படித்தான் இருக்கும்.

தம்பி மக்னீற்றோவைக் கையால் சுற்றிக் காட்டினார். நீலப் பொறி பறந்தது. "வேலை செய்யுதுதானே?" என்றார். பழைய மக்னீற்றோவின் சுருளில் காப்புப் பூச்சு காலப்போக்கில் கெட்டுப்போகும். குளிராக இருக்கும்போது நல்ல பொறி தரும், எஞ்சின் சூட்டில் அரை மணி நேரம் கழித்துச் செத்துவிடும். அப்போது விமானி வானத்தில் இருப்பார். விற்பனைக்கு வைப்பவர்கள் "சோதித்தது" என்று எழுதினால், எந்தக் கருவியில், எவ்வளவு நேரம், சூடேற்றியா என்று கேளுங்கள். பிளக்குகளை உறையோடு அப்படியே வைக்கச் சொன்னேன். கீழே விழுந்த பிளக்கை, வெளியில் ஒரு கீறலும் தெரியாவிட்டாலும், நாங்கள் விமானத்தில் போட மாட்டோம்.

மானியைப் பற்றித்தான் எல்லாரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால மானிகள் பலவற்றில் எண்களும் முள்ளும் இருட்டில் தெரிய ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். இந்த மானியின் எண்களில் வண்ணம் பழுப்பேறி, செதிலாக உரிந்து, கண்ணாடிக்குள் தூளாகக் கிடந்தது. "இப்ப ஒளிராது மாமா, பயமில்லை" என்றார் தம்பி. ஒளிராமல் போனது கூடக் கலந்த துத்தநாக சல்பைட் தேய்ந்ததால். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1600 ஆண்டு எடுக்கும். அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. கண்ணாடியைத் திறக்காதீர்கள், துடைக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தபாலில் அனுப்பி விற்கவும் வேண்டாம். இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவை இருக்கிறது, முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

விளக்கிய போல்ட்டுகளை நான் விற்க விடவில்லை. 1989 செப்டம்பர் 8ஆம் திகதி ஒஸ்லோவில் இருந்து ஹம்பேர்க் போன கொன்வெயர் விமானம் டென்மார்க்கை ஒட்டிய கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். அதன் வாலைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் தரமற்ற போலிகள் இருந்ததை விசாரணையில் கண்டார்கள். அதைப் படித்த நாளில் இருந்து, உதவாத பாகம் எதுவும் என் கையை விட்டு முழுதாகப் போனதில்லை. தம்பி முன்னாலேயே ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் அறுத்தேன். அவருக்கு மனவருத்தம்தான்.

அடுத்த ஞாயிறு திரும்பி வந்தார். பெரியப்பாவின் பென்சன் கடதாசிகளுக்குள் பழுப்பு அட்டை ஒன்று கிடந்ததாம். அதில் மக்னீற்றோவின் சீரியல் நம்பர், ஒரு கையெழுத்து, மணிக்கணக்கு. ஒவ்வொரு இலக்கமாகப் பாகத்தோடு ஒத்துப் பார்த்தோம். பொருந்தியது. மானி இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டியபடி, வீட்டுக்கு வெளியே கொட்டிலில் இருக்கிறதாம்.